ஒரு வளவு, ஐந்து அடுப்பு: அரசுத் துறைகள் தகவலைப் பகிர்வது எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு ஒன்று, கதவு எண் ஒன்று, நடு முற்றமான வளவைச் சுற்றி அறைகள், அவற்றில் ஐந்து தம்பதியர். மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனை 'வேறு வைப்பது' செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வழக்கம். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் அவனுக்கென்று தனி வரவுசெலவும் தனி அடுப்பும் உண்டு. இந்த வீட்டில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று அரசு கேட்டால் என்ன சொல்வது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்களே ஒரு குடும்பம். ஆகவே அங்கே ஐந்து என்று பதிவாகும். சொத்துவரிப் பதிவேட்டுக்கு அது ஒரே வீடு. மின்வாரியம் ஆட்களைப் பார்ப்பதில்லை, மீட்டர்களை எண்ணும். நகரத்தாரின் சமூகக் கோயிலான நகரக் கோயிலின் கணக்கில் ஒரு தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. எனவே அங்கே நாலரை என்றுகூட விடை வரலாம். வட்டாட்சியர் வாரிசுச் சான்றிதழ் வழங்கும்போது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மணமாகி வேறு ஊருக்கும் வேறு கோயிலுக்கும் போய்விட்ட மகளின் பெயரும் அதில் வர வேண்டும். அவள் பெயர் கோயில் கணக்கில் பிறந்த வீட்டுப் பக்கம் இருக்காது.

இவற்றில் எதுவும் தவறான விடை அன்று. ஒவ்வோர் அலுவலகமும் தன் வேலைக்குத் தேவையான பொருளில் 'குடும்பம்' என்ற சொல்லை ஆள்கிறது. அரசுத் துறைகளின் கணினிகளை இணைத்துவிட்டால் தகவல் தானே பாயும் என்று நம்புகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். கம்பி இழுப்பது எளிது. ஐந்து பதிவேடுகள் ஒரே சொல்லை ஐந்து பொருளில் ஆள்வதை எழுதிவைத்து, எந்த இடத்தில் எந்தப் பொருள் செல்லும் என்று உடன்படுவது கடினம். அந்தக் கடினமான வேலைக்கென்றே உள்ள துறையை எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்பார்கள். தமிழில் நிறுவனக் கட்டமைப்பு வரைவு எனலாம். இங்கே 'நிறுவனம்' என்பது கம்பெனியை மட்டும் குறிப்பதன்று. ஒரு மாநில அரசு முழுவதையும் குறிக்கலாம்.

வரைவு என்பது என்ன?

ஓர் அமைப்பு என்னென்ன வேலைகளைச் செய்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் எந்தத் தகவல் தேவைப்படுகிறது, அத்தகவல் எந்த மென்பொருளில் இருக்கிறது, அம்மென்பொருள் எந்த இயந்திரத்தில் எந்த வலைப்பின்னலில் ஓடுகிறது ஆகிய நான்கு அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும் ஆவணத் தொகுப்பே இந்த வரைவு. இன்று இருக்கும் நிலைக்கு ஒன்று, வர வேண்டிய நிலைக்கு ஒன்று, இரண்டுக்கும் இடையே நடக்க வேண்டிய வழிக்கு ஒன்று என மூன்றாக அது எழுதப்படும். 1987-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஸாக்மன், கட்டடக் கலைஞர்களின் வரைபட முறையைத் தகவல் அமைப்புகளுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரை இத்துறைக்கு வித்திட்டது. என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்னும் கேள்விகள் அவருடைய சட்டகத்தின் தூண்கள். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நடுவண் அரசுத் துறைகள் இத்தகைய வரைவை வைத்திருக்க வேண்டும் என்றாக்கியது. இந்தியாவில் 2006-இல் தேசிய மின்னாளுமைத் திட்டம் தொடங்கி, துறைதோறும் தனித்தனி மென்பொருள்கள் எழுந்து நின்ற பிறகு, 2018-இல் நடுவண் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 'இந்தியா' என்றே ஒலிக்கும்படி சுருக்கப்பெயர் சூட்டிய ஒரு பொதுச் சட்டகத்தை வெளியிட்டது. வீடுகளைக் கட்டிய பிறகு தெருவை வரைந்தது போன்ற வரிசைதான் இது. ஆனால் உலகில் பெரும்பாலான அரசுகளின் கதையும் இதுவே.

கட்டமைப்பு என்றதும் வீட்டு வரைபடத்தை நினைப்பது இயல்பு. என் கருத்தில் ஊரமைப்பே பொருத்தமான ஒப்புமை. செட்டிநாட்டு ஊர்களில் ஒருவர் பர்மா தேக்கில் தூண் நிறுத்தினார், இன்னொருவர் ஆத்தங்குடிக் கல் பதித்தார், வேறொருவர் இத்தாலியச் சலவைக்கல் இறக்கினார். உள்ளே எப்படிக் கட்டுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் தெருக்கள் நேராக ஓடின. வளவில் விழுந்த மழைநீரில் மிஞ்சியது வெளியே வந்து வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போனது. வீட்டுக்குள் முழு உரிமை, வாய்க்காலில் பொது ஒழுங்கு. நல்ல அரசுத் தகவல் வரைவும் பதிவுத்துறை தன் மென்பொருளை எந்த மொழியில் எழுத வேண்டும் என்று கட்டளை இடுவதில்லை. வாசலைத் தாண்டி வெளியே வரும் தகவல் எந்த வடிவில், எந்த அடையாளத்தோடு வர வேண்டும் என்பதை மட்டுமே வகுக்கிறது.

ஒரு சாதாரண வேலையைக் கொண்டு நான்கு அடுக்குகளையும் பார்க்கலாம். தேவகோட்டைக்கு அருகே ஒருவர் நிலம் வாங்குகிறார். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது, அது பதிவுத்துறை. பட்டாவில் பெயர் மாறுவது வட்டாட்சியர் அலுவலகத்தில், அது வருவாய்த்துறை. நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். கட்டடம் இருந்தால் உள்ளாட்சியில் வரிப்பெயர் மாற்றம், மின் இணைப்புக்கு இன்னொரு மனு. வாங்கியவரைப் பொறுத்தவரை நடந்தது ஒரே ஒரு செயல். அரசைப் பொறுத்தவரை நான்கு அல்லது ஐந்து தனித்தனி மனுக்கள், ஒவ்வொன்றுக்கும் அதே பத்திரத்தின் நகல். தமிழ்நாட்டில் பதிவுத்துறை மென்பொருளும் வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருளும் இணைக்கப்பட்டு, உட்பிரிவு தேவைப்படாத இனங்களில் பத்திரப்பதிவைத் தொடர்ந்து பட்டா தானாக மாறும் ஏற்பாடு வந்திருப்பது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைப் பொருத்திய வேலை. உட்பிரிவுள்ள இனம் ஏன் எளிதில் தானியங்கியாகவில்லை என்றால், அங்கே ஒரு மனிதர் வயலில் இறங்கி அளக்க வேண்டியிருக்கிறது. வேலையின் அடுக்கில் உள்ள இந்த உண்மையைத் தொழில்நுட்ப அடுக்கால் தாண்டிவிட முடியாது. மென்பொருள் அடுக்கையும் இயந்திர அடுக்கையும் பற்றி இதற்குமேல் இங்கே சொல்ல வேண்டியதில்லை. பணமும் பொறியாளரும் இருந்தால் அவை அமைந்துவிடும். தகவல் அடுக்கில்தான் நாம் நெடுநேரம் நிற்க வேண்டும்.

மெ. சிதம்பரம் என்பவர் யார்?

நகரத்தார் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடுவது வழக்கம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, தாத்தா மெ. சிதம்பரம் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகன் சி. மெய்யப்பன். அவருடைய மகன் மறுபடியும் மெ. சிதம்பரம். பெயர் அதே, முதலெழுத்து அதே, கதவு எண் அதே. ஒருவர் 1970-இல் காலமானவர். இன்னொருவர் இன்று காலை இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர். அது மட்டுமன்று, அந்தத் தாத்தாவுக்கு மூன்று மகன்கள் இருந்தால் மூவரும் தத்தம் மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைத்திருப்பார்கள். ஒரே வளவில் மூன்று சிதம்பரங்கள். பெயரும் முகவரியும் பொருந்தினால் இரு பதிவுகளும் ஒருவருடையவையே என்று முடிவுகட்டும் மென்பொருள், இந்த வீட்டில் இறந்தவருக்கு ஓய்வூதியத்தைக் கொடுக்கும், இருப்பவருக்கு நிறுத்திவிடும்.

இதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிக்கல் இரட்டிக்கிறது. மெய்யப்பனில் 'ய்ய' வருமிடத்தில் 'ஒய்' ஒன்றா, இரண்டா, அல்லது 'ஐ' சேர்த்து ஒன்றா என்பது பள்ளிச் சான்றிதழை எழுதிய ஆசிரியரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. கடவுச்சீட்டில் ஒரு விதம், பத்திரத்தில் ஒரு விதம். பெயருக்குப் பின்னால் 'செட்டியார்' சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது.

கடல் கடந்து 'கொண்டுவிற்க', அதாவது வணிகம் செய்ய, போன காலத்து நகரத்தாருக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் தனிப்பெயரைக் காட்டிலும் 'விலாசம்' செல்லுபடியானது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்த அடையாளம் எந்த வீட்டின் எந்தக் கடை என்பதைச் சொல்லிவிடும். பேரேடும் ஐந்தொகையும் எங்கும் ஏறக்குறைய ஒரே முறையில் எழுதப்பட்டதால், அக்கரையில் கடையை நடத்திய மேலாள் எழுதிய கணக்கை ஊரில் இருந்தவர் விளக்கம் கேட்காமல் படித்தார். அடையாளமும் வடிவமும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன என்பதே இதன் பொருள். இன்று அரசு அந்த இடத்தில் எண்களை வைக்கிறது. ஆளுக்கு 12 இலக்க ஆதார். நிலத்துண்டுக்கு 2021-இல் தொடங்கிய 14 இலக்க அடையாள எண். ஊருக்கு நடுவண் ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு தரும் குறியீடு.

இந்த இடத்தில் ஒரு செய்தி. அந்த அடைவில் 'செட்டிநாடு' என்னும் வட்டாரத்துக்குக் குறியீடு கிடையாது. நாம் செட்டிநாடு என்று சொல்வது சிவகங்கை, புதுக்கோட்டை என்னும் இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானம். சிவகங்கைப் பக்கம் ஜமீன். எனவே பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பழைய நில ஆவணங்கள்கூட வேறு வேறு ஆட்சிகளின் முறையில் எழுதப்பட்டவை. பாரம்பரிய வீடுகளைப் பாதுகாக்க யாரேனும் வட்டாரம் முழுமைக்கும் ஒரு பட்டியல் எடுக்க நினைத்தால், இரண்டு மாவட்ட நிர்வாகங்களின் பதிவுகளை முதலில் ஒத்துப்போகச் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரே பெட்டியில் போடுவதா?

இத்தனை தொல்லை எதற்கு, எல்லாப் பதிவேடுகளையும் ஒரே பெரிய கணினியில் கொட்டிவிடலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அதைவிடச் சிறந்த வழியை எஸ்தோனியா காட்டியது. 2001 முதல் அங்கே இயங்கும் 'எக்ஸ்-ரோடு' என்பது தரவுக் கிடங்கு அன்று. கிடங்குகளுக்கு இடையிலான பாதை. மக்கள் பதிவேடு அதன் துறையிடம், நிலப் பதிவேடு அதன் துறையிடம். ஒரு துறைக்கு இன்னொன்றின் தகவல் தேவைப்படும்போது, கையொப்பமிட்டு, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த கேள்வி ஒன்று அந்தப் பாதையில் போகிறது, விடை திரும்புகிறது, கேட்டதற்கும் கொடுத்ததற்கும் நேரத்தோடு பதிவு இருக்கிறது. ஒரு தகவலைத் திரட்ட ஒரு துறை இருக்கும்போது இன்னொரு துறை அதே தகவலைத் தனியே திரட்டிக் கிடங்கு வைக்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது.

நகரத்தாருக்கு இது புதிய கருத்தன்று. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி முதலாக ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொன்றும் தன் புள்ளிக் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. திருமணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். அதன் வழியாகவே அந்தத் தம்பதி புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறது. கணக்கு எங்கே பிறக்கிறதோ அங்கேயே இருக்கிறது. தேவைப்படும்போது சான்று மட்டும் வெளியே போகிறது. இப்படிப் பிறந்த இடத்திலேயே இருக்கும் பதிவை மூலப்பதிவு என்பார்கள். எந்தத் தகவலுக்கு எந்த அலுவலகம் மூலம் என்று வகுப்பது கட்டமைப்பு வரைவின் நடு வேலை. அப்படி வகுக்காவிட்டால் பிறந்த தேதி ஆறு இடத்தில் இருக்கும், ஆறும் ஒத்திருக்காது, எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது. (கோயில் கணக்கை அப்படியே அரசுக்கு முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மணமாகாதவருக்கு அதில் புள்ளி இல்லை. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி மகளும் மகனைப் போலவே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குள்ளவள். ஒன்று வழிபாட்டு உரிமைக் கணக்கு, மற்றொன்று சொத்துரிமைக் கணக்கு.)

இந்தியாவில் 2015-இல் வந்த அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரும் பெரும்பாலும் இதே வழியில் நடக்கிறது. ஓட்டுநர் உரிமத்தை அதில் பார்க்கும்போது நாம் ஏற்றிய நகலைப் பார்ப்பதில்லை. போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்து அது வருகிறது. அதே ஆண்டில் நடுவண் அரசு திறந்த ஏபிஐ கொள்கையையும் வெளியிட்டது. ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றுக்காகத் திறந்துவைக்கும் வாசல். முகப்புத் திண்ணையில் அமர்த்திக் கேட்டதற்கு விடை தருவது போன்றது. கேட்டவர் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை.

குறைவாகப் பகிர்வதும் கூடுதலாகப் பகிர்வதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் பத்தாண்டு நல்ல பாடம். 2001 செப்டம்பர் தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் 2004-இல் தந்த அறிக்கையில், உளவு அமைப்புகள் தத்தம் தகவலைத் தமக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததைக் கடுமையாகக் குறை கூறியது. 2005-இல் அந்நாட்டு நீதித்துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து, தகவல் கைமாறும்போது ஆள், இடம், வாகனம் போன்ற சொற்களுக்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதற்கான பொது மாதிரி ஒன்றைத் தொடங்கின. துறையின் உள்ளே எப்படி வைத்திருந்தாலும் சரி, கைமாறும் இடத்தில் மட்டும் பொதுவடிவம் வேண்டும் என்பது அதன் நெறி. ஆனால் அதே காலத்தில் தாராளமாகத் திறந்துவிடப்பட்ட பாதுகாப்பு வலைப்பின்னல் ஒன்றிலிருந்து ஒரு கடைநிலைப் பணியாளர் எடுத்த சுமார் 2.5 லட்சம் தூதரகத் தந்திகள் 2010 முதல் வெளியாகத் தொடங்கின. தகவலைத் திறந்தவர்கள், யார் எவ்வளவு எடுக்கிறார் என்று கணக்கு வைக்கத் தவறியிருந்தார்கள். செட்டிநாட்டுக் கடையில் பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை யார் எந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்ற ஒழுங்கு இருந்தது. அதற்கு நிகரான அனுமதி அடுக்கும் எடுப்புப் பதிவும் இல்லாமல் பகிர்வு தொடங்கக் கூடாது.

இந்தியாவில் இது சட்டக் கேள்வியும்கூட. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2018-இல் ஆதாரைத் தனியார் நிறுவனங்கள் கேட்க வழிசெய்த பிரிவை நீக்கியது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உதவித்தொகைக்காகக் கொடுத்த வருமான விவரத்தை வரித்துறை தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற வகைக் கேள்விக்கு, எதற்காகத் திரட்டினோமோ அதற்கே பயன்பட வேண்டும் என்னும் நெறியும் சட்டம் தரும் விலக்குகளுமே விடை. வரைவில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பக்கத்தில் அந்தச் சட்டப் பிரிவை எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

புதிய கருவிகள்

பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பல கணினிகளில் வைக்கும் பிளாக்செயினைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. தமிழ்நாடு அரசும் 2020-இல் அதற்கொரு கொள்கை வெளியிட்டது. எழுதியதை யாருக்கும் தெரியாமல் பின்னால் மாற்றிவிட முடியாதபடி செய்வது அதன் பலம். சான்றிதழ் போலியா என்று பார்ப்பதற்கு அது உதவும். ஆனால் முதல் நாளே பங்காளியின் பெயர் விடுபட்ட பட்டாவை அதில் ஏற்றினால், விடுபட்டது விடுபட்டபடியே உறுதியாக நிற்கும். நம்மூரில் நிலத் தகராறுகள் பலவற்றில் வேர் இருப்பது முதல் பதிவில். அதனால் நில ஆவணங்களைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு முதலிடம் கொடுக்க நான் தயங்குவேன்.

செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது: கையால் எழுதிய பழைய ஆவணங்களைப் படித்துத் தேடத்தக்க எழுத்தாக்குவது. ஆனால் அவற்றில் தமிழ் எண்களும் பின்னங்களும் வரும். 'காணி' என்பது 1/80 என்னும் பின்னம். அதே சொல் சுமார் 1.32 ஏக்கர் நிலத்தையும் குறிக்கும். 'மா' என்பது 1/20. அதுவும் ஒரு நில அளவை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒருவருக்கு வீட்டில் 'காணிப் பங்கு' என்றிருந்தால், அதை ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமாக மாற்றி எழுதும் மென்பொருள் வழக்கறிஞருக்கு மட்டுமே நன்மை செய்யும். எந்தக் கட்டத்தில் எந்தப் பொருள் என்று அகராதி ஒன்றை முன்பே எழுதிவைத்து, இயந்திரம் ஐயுறும் வரிகளை ஆவண எழுத்தர் ஒருவர் பார்க்கும்படி வைத்தால் இந்தக் கருவி பயன்படும். இதற்கும் முந்தைய தொல்லை எழுத்துரு. ஒருங்குறி (யூனிகோட்) பரவும் முன் வேறு வேறு குறியீட்டில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள் திறந்தால் புரியாத கிறுக்கல்களாகத் தெரியும். 1999-இல் ஒரு தரம், 2010-இல் ஒருங்குறி என்று அரசு தரங்களை அறிவித்த பிறகே தமிழில் தகவல் பகிர்வு என்ற பேச்சுக்கு அடிப்படை வந்தது.

ஒப்புதலை மின்னணு வடிவில் எழுதும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. வங்கித் துறையில் 2021-இல் செயலுக்கு வந்த கணக்குத் திரட்டி (அக்கவுண்ட் அக்ரிகேட்டர்) முறையில், எந்தத் தகவல், யாருக்கு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று வாடிக்கையாளர் கொடுத்த ஒப்புதல் தகவலுக்கு முன்னால் போகிறது. நடுவில் நிற்கும் திரட்டியால் அந்தத் தகவலைப் படிக்க முடியாது.

தொடங்க நினைக்கும் அலுவலகம் இவற்றில் எதையும் வாங்கிக்கொண்டு தொடங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சேவையை, வாரிசுச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்வோம், எடுத்து அதில் கேட்கப்படும் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே நான்கு குறிப்புகளை ஒரு முழுத்தாளில் எழுதலாம்: இதன் மூலப்பதிவு எங்கே, இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள், எந்தச் சட்டத்தின்படி கேட்கிறோம், கடைசியாக எப்போது சரிபார்த்தோம். நான்காவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. அங்குள்ள ஒரு வளவு வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் புல எண்ணும் பட்டாவும் பழையபடியே. ஆனால் வரி வாங்கும் உள்ளாட்சி வேறு, அதன் குறியீடு வேறு. 2023-இல் சரிபார்த்த தாளை வைத்துக்கொண்டு அந்த வீட்டு மெ. சிதம்பரத்தின் வரிப் பதிவைத் தேடும் மென்பொருள், அப்படியொரு பேரூராட்சியே இல்லை என்று விடை சொல்லும்.